மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு? செங்கல்பட்டின் புயல்களும் சேரி மனையின் வரலாறும்

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே புயல் முன்னெச்சரிக்கைத் துண்டறிக்கைகள் நம் ஊர்களுக்கு வந்துவிடும். கூரையைப் பலப்படுத்துங்கள், பட்டுப்போன மரக்கிளைகளை வெட்டுங்கள், ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள், ஒரு வாரத்துக்கான அரிசி பருப்பு வாங்கி வையுங்கள், மேடான இடத்துக்குப் போங்கள் என்று அவை சொல்லும். எல்லாம் நல்ல ஆலோசனைகள்தான். ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு மனிதர் நிற்கிறார். அவருக்குச் சொந்த மனை இருக்கிறது, பட்டா இருக்கிறது, ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே அரிசி வாங்கக் கையில் காசு இருக்கிறது, கதவைத் தட்டினால் திறக்கும் மேட்டுத் தெரு இருக்கிறது.

தோழர்களே, அந்த மனிதர் நம் காலனியில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு வானிலை ஆய்வு மையத்தில் விடை கிடைக்காது. செங்கல்பட்டு மாவட்டத்தின் நில வரலாற்றில்தான் கிடைக்கும். இயற்கைக்குச் சாதி தெரியாது என்று ஒவ்வொரு புயலின்போதும் யாராவது எழுதுகிறார்கள். காற்றுக்குத் தெரியாதுதான். ஆனால் காற்று வந்து மோதும் வீடு எங்கே இருக்க வேண்டும், எதனால் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சாதிதான் முடிவு செய்து வைத்திருக்கிறது. ஒரு குடும்பம் புயலுக்குத் தயாராவது என்றால் என்ன என்பதை இந்தக் கோணத்திலிருந்து பார்ப்போம்.

கப்பலுக்கு வந்த எச்சரிக்கை

நம் கடற்கரைக்குப் புயல் புதிதல்ல. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். அடுத்த மாதமே அடித்த புயலில் அவருடைய கப்பல்கள் பல சென்னைக்கு எதிரே நொறுங்கின. இன்றும் வரலாற்று நூல்களில் அந்தப் புயல் இருக்கிறது. கப்பல்கள் உடைந்ததால் இருக்கிறது. அதே காற்று கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் எத்தனை கூரைகளைப் பிய்த்தது என்று எழுதிவைக்க அன்று யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

எச்சரிக்கை முறையும் அப்படித்தான் பிறந்தது. 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. அதன் பிறகு 1865-இல் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு செய்யப்பட்டது. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை இன்றும் செய்திகளில் கேட்கிறோம். 'ஏழாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்பது கப்பல்களுக்கான மொழி. கடலிலிருந்து நான்கு மைல் உள்ளே, வயலுக்கு நடுவே ஓலைக் குடிசையில் இருக்கும் கூலிக்காரப் பெண்ணை நினைத்து அந்த மொழி உருவாக்கப்படவில்லை.

2012 அக்டோபர் 31 அன்று 'நீலம்' புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அந்தப் புயலைப் பற்றி யாரிடம் கேட்டாலும் பெசன்ட் நகர் கடற்கரையில் தரைதட்டிய 'பிரதிபா காவேரி' கப்பலைத்தான் சொல்வார்கள். 1746-க்கும் 2012-க்கும் இடையில் நம் பொது நினைவு பெரிதாக மாறிவிடவில்லை.

அப்படியானால் கிராமத்துக்கு யார் எச்சரிக்கை கொண்டுவந்தார்கள்? நம் முன்னோர்கள்தான். ஏரி உடையப் போகிறது, ஆற்றில் வெள்ளம் வருகிறது, அதிகாரி வருகிறார் என்று எந்தச் செய்தியானாலும் பறையடித்து ஊருக்குச் சொல்லும் வேலை தலித்துகளின் தலையில் கட்டப்பட்டிருந்தது. அடைமழை இரவில் ஏரிக்கரையைக் காவல் காப்பதும், மதகைத் திறந்து மூடுவதும், கரை உடைந்தால் மண்ணைக் கொட்டி அடைப்பதும் அவர்கள் வேலைதான். நீர்க்கட்டி என்றும் கம்புகட்டி என்றும் அவர்களுக்குப் பெயர் இருந்தது. ஊருக்கே ஆபத்தை அறிவித்தவர், ஏரியின் ஒவ்வோர் அங்குல நீர்மட்டத்தையும் அறிந்தவர், எல்லோருக்கும் சொல்லிவிட்டுக் கடைசியில் தன் சேரிக்குத் திரும்புவார். அந்தச் சேரியோ பெரும்பாலும் தண்ணீர் முதலில் வரும் இடத்தில் இருந்தது.

பொது அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில்தான் தடை செய்தது. ஒலிபெருக்கி கட்டிய வண்டியே போதும் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். இந்தத் தடையை நாம் வரவேற்றோம். ஆனால் அந்த இழிவோடு சேர்ந்து நீர் பற்றிய அந்த அறிவையும் மறந்துவிடக்கூடாது. ஏரி எந்த அளவைத் தொட்டால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் நம் காலனிகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்வதுகூட ஒரு புயல் தயாரிப்புதான்.

பள்ளத்தில் வைக்கப்பட்ட சேரி

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். மதுராந்தகம் ஏரியில் தொடங்கிக் கிராமத்துக்கு ஒன்றிரண்டு ஏரி என இங்கே நீர் சங்கிலியாக ஓடும். ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகும். இப்படிப்பட்ட நிலத்தில் மேடு என்பது செல்வம். கோயிலும் ஊரும் மேட்டில் இருக்கும். சேரி பெரும்பாலும் ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே, ஏரிப் பாசனத்துக்குக் கீழே இருக்கும். வேலைக்குக் கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும், ஆனால் தெருவில் கலந்துவிடக்கூடாது என்ற கணக்கு அது.

அந்தப் பள்ளமாவது சொந்தமாக இருந்ததா? இல்லை. செங்கல்பட்டு மிராசு முறை வேரூன்றியிருந்த மாவட்டம். கிராமத்தின் விளைநிலம் மட்டுமல்ல, தரிசும் சேரி நின்ற மனையும்கூடத் தங்களுடையவை என்று மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். வேலைக்கு வரமாட்டேன் என்று சொன்னால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். மனைதான் அடிமைத்தனத்தின் பூட்டு.

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் அந்த அறிக்கையைக் குறிப்பிடுகிறோம். ஆனால் அது வெறும் விளைநில அறிக்கை அல்ல. கடனில் சிக்கிய படியாள் வாழ்க்கையையும், நிற்கும் மனையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் துரத்தப்படும் நிலையையும் அது பேசியது. அதே 1891-இல்தான் இந்த மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். அரசு காது கொடுத்தது ஓர் ஆட்சியரின் நல்ல மனதால் மட்டும் அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010 எண் அரசாணைகள் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒப்படைக்க வழி செய்தன. இதுவே டி.சி. நிலம், பஞ்சமி நிலம் என்று அறியப்பட்டது. 10 ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பவை அதன் நிபந்தனைகள். ஆனால் மிராசுதாரரின் பிடியிலிருந்த சேரி மனையை அங்கே குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் அப்போது வரவில்லை. குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1961-இல் வந்தது. குடியிருப்பு மனையை விவசாயத் தொழிலாளிக்கே உரிமையாக்கும் சட்டம் 1971-இல் வந்தது. ட்ரெமென்ஹீர் எழுதியதிலிருந்து சரியாக 80 ஆண்டுகள்!

இந்த 80 ஆண்டுகளில் வந்துபோன புயல்களை எண்ணிப் பாருங்கள். நாளை துரத்தப்படலாம் என்ற நிலையில் இருப்பவர் செங்கல் சுவர் எழுப்புவாரா? அடித்தளத்தை இரண்டடி உயர்த்துவாரா? காற்றைத் தடுக்க வேலியோரம் பனை நடுவாரா? இன்று நட்ட பனை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். மரத்தையும் சேர்த்து உரிமை கொண்டாட இன்னொருவர் இருக்கும்போது யார் நடுவார்? சேரியில் ஓலைக் குடிசைகள் நிலைத்ததற்கு ஏழ்மை மட்டும் காரணமில்லை. பிரித்து எடுத்துச் செல்லக்கூடிய வீட்டைத்தான் கட்ட முடியும் என்று மனையின் சட்டநிலையே சொல்லியிருந்தது.

பிறகு அரசு மனைகள் வந்தன. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்க 1978-இல் தனிச் சட்டம் வந்தது. அதன் வழியாகப் பல காலனிகள் உருவாயின என்பது உண்மை. ஆனால் களத்தில் நான் பார்த்த காலனிகளில் கணிசமானவை தண்ணீர் தேங்கும் நிலத்தில்தான் இருக்கின்றன. ஊருக்கு அருகில் மேட்டு நிலத்தை எடுக்கப் போனால் எதிர்ப்பு வரும், வழக்கு வரும். யாரும் எதிர்க்காத நிலமே காலனிக்கு வரும். யாரும் எதிர்க்காத நிலம் எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பஞ்சமி நிலத்தையே கேட்டால் என்ன நடக்கும் என்பதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், அங்கே நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதைக் கண்டித்து மக்கள் திரண்டபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்கள் உயிரிழந்தார்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்துகிறோம். அக்டோபர்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதமும். அவர்கள் கேட்ட நிலம் காலூன்றி நிற்கும் நிலம். புயலுக்கும் அந்தக் கோரிக்கைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

அடைமழையும் முன்பணமும்

துண்டறிக்கை ஒரு வாரத்துக்கு உணவு சேமிக்கச் சொல்கிறது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு அடைமழை என்றால் முதலில் வேலை இல்லை, பிறகுதான் வெள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் நடவு முடிந்து மழை பிடித்துக்கொண்டால் பல நாட்களுக்குக் கூலி இருக்காது. அந்த நாட்களில் வாங்கிய நெல்லும் பணமும்தான் படியாள் முறைக்குத் தீனி போட்டன. மழையில் வாங்கிய கடனை உழைப்பால் அடைக்க வேண்டும். அடைத்து முடிப்பதற்குள் அடுத்த மழை வரும்.

கொத்தடிமை முறை 1976 சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் புயலுக்குப் பிறகு முன்பணத்தோடு வரும் மேஸ்திரிகள் ஒழியவில்லை. மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பகுதிகளில் ஏரிக்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் வாழும் இருளர் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். குடிசை போய்விட்டது, பாத்திரம் போய்விட்டது, கையில் ரேஷன் அட்டைகூட இல்லை. அந்த வாரத்தில் செங்கல் சூளைக்கோ மரம் வெட்டவோ முன்பணம் கொடுப்பவர் கடவுளாகத்தான் தெரிவார். புயல் பாதிப்பைக் கணக்கெடுக்க வரும் அலுவலரைவிட முன்பணக்காரர் சீக்கிரம் வந்துவிடுகிறார். நிவாரணம் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் கொத்தடிமை ஆகும் நாள் என்று நாம் பேசியாக வேண்டும்.

8,000 ரூபாய் குடிசை, 1,20,000 ரூபாய் வீடு

இளைஞர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு விதிமுறைகள் வகுத்திருக்கிறது. 2022 முதல் 2026 வரையிலான விதிமுறைப்படி, சமவெளியில் முழுமையாக இடிந்த வீட்டுக்கு, அது கான்கிரீட்டாக இருந்தாலும் மண் சுவர் வீடாக இருந்தாலும், 1,20,000 ரூபாய். ஆனால் 'குடிசை' என்று வகைப்படுத்தினால் 8,000 ரூபாய்தான். வித்தியாசம் 15 மடங்கு. குடிசை என்றால் என்ன? கீற்று, மண், பிளாஸ்டிக் தாள் போன்றவற்றால் ஆன, கச்சா வீட்டைவிடத் தாழ்ந்த தற்காலிகக் கட்டுமானம் என்று விதிமுறையே விளக்கம் சொல்கிறது. மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் இருந்தாலும் காகிதத்தில் அது 'தற்காலிகம்'.

மண் சுவரும் கீற்றுக் கூரையும் உள்ள வீடு எந்த வகையில் வரும்? கணக்கெடுப்பில் என்ன எழுதப்படுகிறதோ அந்த வகையில் வரும். கிராம நிர்வாக அலுவலர் ஒரு சொல்லை மாற்றி எழுதினால் 1,12,000 ரூபாய் மாறிவிடும். தமிழ்நாடு அரசு 2023 மிக்ஜாம் புயலின்போது குடிசைக்கான தொகையை 5,000 ரூபாயிலிருந்து 8,000-ஆகவும், 2024 ஃபெஞ்சல் புயலின்போது 10,000-ஆகவும் உயர்த்தியது. நல்லதுதான். ஆனால் அந்தப் பணத்தில் கீற்று வாங்கி மறுபடியும் குடிசைதான் போட முடியும். அடுத்த புயலுக்கு அடுத்த 10,000. குடிசை குடிசையாகவே நீடிக்க இந்த ஏற்பாடு போதும்.

நிரந்தர வீட்டுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 1985-இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்காகவே முதலில் வந்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3,50,000 ரூபாய் தருகிறார்கள். ஆனால் கட்டுவதற்கு மனை வேண்டுமே! மறுபடியும் 1891-க்கே வந்து நிற்கிறோம். நீர்நிலைப் புறம்போக்கில் இருப்பவருக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்கு வீடு இல்லை. வீடு இல்லாதவருக்கு 10,000 ரூபாய்.

முன்பு கட்டிய தொகுப்பு வீடுகளின் கதை வேறு. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து, மழைக்காலத்தில் கூரைக்குக் கீழே படுக்கவே பயப்படும் வீடுகள் பல காலனிகளில் இருக்கின்றன. ஆவணத்தில் அது உறுதியான வீடு. அதனால் குடிசைக்கான உதவியும் கிடைக்காது, புது வீடும் கிடைக்காது.

மேட்டு நிலத்துக்கு மாற்றுகிறோம் என்று சொல்வதையும் அப்படியே நம்ப முடியாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் ஆற்றோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏராளமான குடும்பங்கள் நம் மாவட்டத்தின் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. வெள்ளத்திலிருந்து காப்பாற்றியதாகச் சொல்லி வெள்ளம் வடியும் இடத்துக்கே குடியமர்த்தினார்கள்.

முகாமின் வாசல்

புயல் ஓய்ந்த பிறகு தொடங்குவது இரண்டாவது பேரிடர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, தெற்கே நாகப்பட்டினம் பகுதியில் தலித்துகள் நிவாரண முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும் உதவிப் பொருட்கள் மறுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. அங்கே இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. படகு இழந்தவர் பாதிக்கப்பட்டவர் என்று கணக்கில் வந்தார். அந்தப் படகை நம்பி மீன் சுமந்தவர், உப்பளத்தில் கூலி செய்தவர், கடல்நீர் புகுந்த வயலில் வேலை இழந்தவர் ஆகியோர் கணக்கில் வரத் திணறினார்கள். படகு இழந்த மீனவர் துயரம் பொய்யல்ல. அவருடைய துயரத்தை எண்ணத் தெரிந்த படிவத்தில் கூலிக்காரரின் இழப்புக்குக் கட்டம் இல்லை என்பதுதான் பிரச்சினை. மாமல்லபுரம் கடற்கரையிலும் குப்பங்கள் கடலோரம் இருக்க, பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே காலனிகள் இருக்கின்றன. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தபோது கேமராக்கள் கடலைப் பார்த்து நின்றன. கால்வாய்க்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதைக் காட்ட நம் கைப்பேசிகள்தான் இருந்தன.

ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 61-ஆவது பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நிவாரணமும் இழப்பீடும் வழங்கும்போது பால், சாதி, சமூகம், வம்சம், மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று அது சொல்கிறது. பொதுக் குழாயிலோ பொதுப் பாதையிலோ தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. புயல் நேரத்தில் சட்டம் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். புயல் நேரத்தில் சாதி பார்க்கலாம் என்றால் சட்டமும் பேசலாம்.

2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் கனமழைக்குச் சுற்றுச்சுவர் ஒன்று இடிந்து பக்கத்திலிருந்த வீடுகள் மேல் விழுந்தது. 17 பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள். எல்லோரும் தலித்துகள். அது தீண்டாமைச் சுவர் என்று இயக்கங்கள் சொல்லின. அந்த வீடுகளில் அரிசி இருந்திருக்கலாம், டார்ச் இருந்திருக்கலாம், ஆவணங்கள் பையில் இருந்திருக்கலாம். அவர்களைக் கொன்றது அவர்கள் வீட்டில் இல்லாத ஒரு சுவர். தயாரிப்பு என்பதைத் தனிக் குடும்பத்தின் பொறுப்பாக மட்டும் சுருக்கினால் இந்தச் சுவர் நம் கண்ணில் படாது.

என்ன செய்யலாம்?

நம் பாட்டிகள் கையேடு இல்லாமலே தயாரானார்கள். புரட்டாசி முடிவதற்குள் கூரையில் புதுக் கீற்று வேய்ந்துவிடுவார்கள். இறவாரத்தைத் தாழ்வாக இறக்குவார்கள், காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்காமல் இருக்க. கடலோரத்தில் பழைய வலையைக் கூரை மேல் போர்த்தி, ஓரங்களில் கல் கட்டித் தொங்கவிடுவார்கள். விறகையும் வறட்டியையும் பரண் மேல் ஏற்றுவார்கள். இவை இன்றும் பயன்படும். இவற்றோடு சேர்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

மழைக்கு முன், ஒவ்வொரு வீட்டையும் நான்கு பக்கமும் உள்ளேயும் கைப்பேசியில் படம் எடுங்கள். சுவர் எதனால் ஆனது என்பது தெரிய வேண்டும். அந்த 15 மடங்கு வித்தியாசத்தில் வாதாட இதுதான் ஆதாரம். பட்டா அல்லது ஒப்படைப் பத்திரம், வீட்டுவரி ரசீது, மின் கட்டண அட்டை, ரேஷன் அட்டை, ஆதார், சாதிச் சான்று, நூறு நாள் வேலை அட்டை, பிள்ளைகளின் மதிப்பெண் சான்று எல்லாவற்றையும் படம் எடுத்துக் குறைந்தது இரண்டு பேர் கைப்பேசியில் வையுங்கள். அசலைத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். பட்டா கையில் இருந்தும் கணினியில் ஏறவில்லை, நிலம் அளந்து தரவில்லை என்றால் மழைக்கு முன்பே திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

காலனியை ஒரு தாளில் வரையுங்கள். சென்ற வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது, தனியாக இருக்கும் முதியவர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி எந்த வீட்டில், பக்கத்து நிலத்துச் சுவர் எங்கே சாய்ந்திருக்கிறது, எந்த மின்கம்பம் ஆடுகிறது என்று குறியுங்கள். முகாம் எந்தப் பள்ளியில் என்பதை முன்கூட்டியே கேட்டு, அங்கே கழிவறையும் தண்ணீரும் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். சாய்ந்த சுவர் குறித்துப் படத்தோடு எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

புயல் நாளில், தொகுப்பு வீட்டுக் கூரை பெயர்ந்திருந்தால் அதை நம்பித் தங்க வேண்டாம். மின்சார மெயினை அணையுங்கள். ஆடுமாடுகளை அவிழ்த்துவிடுங்கள். காற்று திடீரென்று நின்றால் உடனே வெளியே வராதீர்கள். புயலின் கண் கடக்கும் நேரமாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் அடிக்கும். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, அறுந்த மின்கம்பி பற்றிச் சொல்ல மின்னகம் 94987 94987.

புயலுக்குப் பின், இடிந்ததை அகற்றும் முன் படம் எடுங்கள். முன்பு எடுத்த படத்தோடு அதை இணைத்து வையுங்கள். செத்த ஆட்டையும் கோழியையும்கூடப் படம் எடுத்துவிட்டுப் புதையுங்கள், அவற்றுக்கும் நிவாரணம் உண்டு. வீடு வீடாகப் பட்டியல் போட்டு, கணக்கெடுக்க வருபவரிடம் ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பட்டியலில் பெயர் விடுபட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கிராமத்தின் முழுக் கணக்கெடுப்புப் பட்டியலையும் கேளுங்கள். ரேஷன் அட்டை இல்லாத குடும்பங்களைத் தனியாகக் குறியுங்கள். மிக்ஜாமின்போது 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. முன்பணக்காரர் யார் வீட்டுக்கு வந்தார் என்பதையும் கவனியுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

இதையெல்லாம் அரசு செய்ய வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். நாம் போடும் பட்டியல் அரசின் வேலையை நாம் செய்து கொடுப்பதற்காக அல்ல. அரசு செய்யாததை எழுத்தில் நிறுவுவதற்காக. 1746-இல் சேரியின் கூரைகளை யாரும் எண்ணவில்லை. 1891-இல் ஓர் ஆட்சியர் எழுதியதால் மட்டுமே நம் முன்னோரின் மனைத் துயரம் ஆவணத்தில் ஏறியது. இனி யாரோ எழுதட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை ஒவ்வொரு காலனியிலும் இருக்கிறது.

2021 நவம்பரில் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு முதலமைச்சர் நேரில் வந்து பட்டாவும் சாதிச் சான்றும் கொடுத்தார். எத்தனையோ ஆண்டுகளாக முடியாது என்று சொல்லப்பட்டது சில நாட்களில் முடிந்தது. ஆக, முடியாது என்பது பொய். மேடான இடத்தில், பெண் பெயரில், அளந்து கல் நட்ட மனைப் பட்டா ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டும் என்பதை ஒவ்வொரு புயல் மனுவின் முதல் வரியாக எழுதுங்கள். கீற்றும் தார்ப்பாயும் அரிசிப் பையும் அதற்கு அடுத்த வரிகளில் வரட்டும்.

ஜெய்பீம்.